கழிவு போக

அம்மா என் புயத்தைப் பிடித்துப் பார்த்தாள். மரவள்ளிக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓர் அழுத்து. “என்ன சாமி, இப்புடி வத்திப் போயிட்ட” என்றாள். துக்க வீட்டில் கேட்கிற குரல் அது. பதுளையிலிருந்து பசறை போகிற வழியில், நமுனுகுல மலையைப் பார்த்தபடி நிற்கிற தேயிலைத் தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில், முன்திண்ணையில், உட்கார்ந்திருந்தோம். ஐந்து மாதத்தில் 78 கிலோவிலிருந்து 67க்கு வந்திருந்தேன். வயது 49. பாடசாலையில் கூடப் படிப்பிக்கிறவர்கள் வழிமறித்து, என்ன செய்தாய் என்று கேட்டார்கள். கிளினிக்கில் சீனியும் இறங்கியிருந்தது, பிரஷரும் இறங்கியிருந்தது. காற்சட்டைகளை டெய்லரிடம் கொடுத்து இடுப்பைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். எல்லாரும் மெச்சிய உடம்பைப் பார்த்து அம்மா மட்டும் முகம் வாடினாள். மெலிவு என்றாலே பஞ்சம் என்று நினைக்கிற தலைமுறை, அவளுக்கு அப்படித்தான் தோன்றும் என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அதற்குக் கால்மணி நேரத்துக்கு முன்புதான் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டிலிருந்து லயத்துக்குப் படியேறியிருந்தேன். தேயிலைக்கு நடுவே கல் பதித்த படிகள், ஒன்றின் உயரம் மற்றதற்கு ஒவ்வாது. போன தீபாவளிக்கு, 78 கிலோ உடம்போடு, இதே அளவு மூட்டையை ஒரே மூச்சில் ஏற்றியவன் இந்த முறை இரண்டு இடத்தில் இறக்கிவைத்தேன். மூச்சு வாங்கவில்லை. வின்சென்ட் டயஸ் மைதானத்தைச் சுற்றி நடந்து நடந்து மூச்சு நன்றாகவே பழகியிருந்தது. தொடைதான் நடுங்கியது. உடம்பிலிருந்து 11 கிலோவை இறக்கிவைத்தவனுக்குப் படி லேசாகியிருக்க வேண்டும். கணிதம் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அன்றிலிருந்து ஓர் உறுத்தல்: அந்த 11 கிலோவில் போனது எது?

சின்ன வயதில் இதே கேள்வியை வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன். பின்னேரம் கொழுந்து மடுவத்துக்கு ஓடுவேன். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஈரச் சாக்கின் நெடி, பச்சை இலையின் நெடி, நாள் முழுக்கக் காய்ந்த வியர்வையின் நெடி எல்லாம் கலந்து அந்த மடுவத்துக்கென்றே ஒரு வாசனை. சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். கடிகாரம் மாதிரி வட்டமான முகம். முள் ஆடி ஆடி ஓர் எண்ணில் நிற்கும். அது நிற்பதற்குள் நான் வாசித்துவிடுவேன்: 22. கணக்கப்பிள்ளையின் கொப்பியில் விழுவது 19. நடுவில் காணாமல்போன மூன்று கிலோவுக்குப் பெயர் கழிவு. சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, முற்றிய இலைக்கு ஒன்று. மழை நாளில் ஈரத்துக்குக் கழித்தால் சரி. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று சுழன்றடித்து, மலை முழுக்கக் காய்ந்து, கொழுந்து விரலுக்கு அகப்படாமல் சுருங்கிக் கிடக்கும் நாளிலும் அதே கழிவுதான். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது அந்தக் காற்றடிக்கும் மாதங்கள். பறிக்கிறவளுக்கோ அந்த மாதங்களில் பேர் விழுவதே, ஒரு நாள் கூலி கொப்பியில் ஏறுவதே, பெரும்பாடு. 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற நோம், அந்த நாளுக்குப் பறிக்கவேண்டிய கிலோ, நிரம்பாவிட்டால் அரைப்பேர். “எங்கம்மா போச்சு அந்த மூணு கிலோ?” என்று கேட்டால், “போனது போச்சு, வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாள். தராசின் முள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்குள் கொழுந்தும் ஈரமும் சாக்கும் சேர்ந்தே நிற்கின்றன. பிரித்துச் சொல்கிற அதிகாரம் கொப்பி வைத்திருக்கிறவனுக்கு. இன்று காலையில் வெறுங்காலோடு நான் ஏறி நிற்கிற மின்தராசும் ஓர் எண்ணைத்தான் காட்டுகிறது. 67. ஐந்து மாதமாக அந்த எண் இறங்க இறங்க நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

உணவை மட்டும் குறைத்து மெலிகிறவர்களுக்கு, இறங்கும் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும் என்பது உடலியலில் வெகுகாலமாகப் புழங்குகிற கணக்கு. கால்பங்கு என்றால் எனக்கு ஏறத்தாழ மூன்று கிலோ. இந்த மூன்று முழுவதும் தசை என்று சொல்லிவிட முடியாது. அதில் தண்ணீர் உண்டு, ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்திருந்த மாச்சத்து உண்டு, கொழுப்பைத் தாங்கி நின்ற இழைகளும் உண்டு. ஆனாலும் நான் மெலிந்த விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். மத்தியானம் சோறு பாதி, பக்கத்தில் மரக்கறி. முட்டையும் மீனும் கொழுப்பு என்று பயந்து விலக்கினேன். நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். பாரம் என்று எதையும் தூக்கவில்லை. பட்டினி கிடக்கிற உடம்பு தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் நாளை ஓட்டும். எந்தச் சாமானுக்கு வேலை இல்லையோ அதை முதலில் விற்கும். தூக்காத கைக்கும் குந்தி எழாத தொடைக்கும் வீட்டில் என்ன வேலை? நாற்பதைத் தாண்டிய உடம்பு, மெலிய முயலாமல் சும்மா இருந்தாலே, பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசையை இழந்துகொண்டிருக்கிறது; அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று 1989இல் அமெரிக்காவைச் சேர்ந்த இர்வின் ரோஸன்பர்க் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘சார்கோபீனியா’ என்றார். சார்க்ஸ் என்றால் சதை. பெனியா என்றால் வறுமை. சதையின் வறுமை. லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வந்தது ஆய்வுகூடமல்ல, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் காலை ஆறரை மணிக்கு முக்காட்டோடு நின்ற முகங்கள்.

நடுவயதில் தொப்பை விழுவதற்கு, உடம்பின் அடுப்பு மந்தமாகிவிட்டது என்று காரணம் சொல்வோம். நானும் சொன்னேன். 2021இல் ஹெர்மன் போன்ட்ஸரும் அவரோடு சேர்ந்த பல நாட்டு ஆய்வாளர்களும் 29 நாடுகளைச் சேர்ந்த 6400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது வரை. உடம்பின் அளவுக்கு ஈடுசெய்து பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை அந்த அடுப்பு ஏறத்தாழ ஒரே சீராகவே எரிகிறது. மந்தமானது அடுப்பல்ல என்றால் வேறென்ன? எனக்குத் தெரிந்த விடை என் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது. பதினைந்து வயதில் விறகுக்கட்டு தூக்கினேன், பீலியில் தண்ணீர் பிடித்துக் குடத்தில் சுமந்தேன், லீவு நாளில் கொந்தரப்புக்குக் கான் வெட்டினேன். இருபத்தைந்தில் பதுளைக்கு வந்தேன். அதன்பின் நான் தூக்கிய ஆகப் பெரிய பாரம் பரீட்சைத் தாள் கட்டு. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறுகிற சீனியில் பெரும்பங்கை இழுத்து வைத்துக்கொள்கிற களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சிறுத்தால் தானியம் முற்றத்தில் கிடக்கும். சீனி வருத்தம் எட்டிப்பார்க்கிறது, பத்துக் கிலோ குறையுங்கள் என்று சொன்ன வைத்தியர் நல்ல மனதோடுதான் சொன்னார். களஞ்சியத்தையும் சேர்த்து இடித்துவிடாதே என்று சொல்ல அந்த வரிசையில் அவருக்கு நேரமில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை.

தமிழில் நாம் பேசுகிற சொல்லிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ‘சதை போட்டிருக்கான்’ என்றால் கொழுத்திருக்கிறான் என்று பொருள். ‘சதை வத்திப்போச்சு’ என்றால் தளர்ந்துவிட்டான் என்று பொருள். போடுவதும் வற்றுவதும் ஒரே சதையா? தசை என்ற சொல்லும் சதை என்ற சொல்லும் எழுத்து இடம்மாறி நிற்பவை. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆனால் கொஞ்சம் உற்றுக் கேட்டால் முன்னோர் வேறுபாடு தெரிந்தவர்கள் என்று புரிகிறது. தொளதொளத்துத் தொங்குவதை ஊளைச்சதை என்றார்கள். எழுபது வயதிலும் மண்வெட்டி பிடிக்கிற கிழவனை வைரம் பாய்ந்த கட்டை என்றார்கள். மரத்தில் வைரம் பாய்கிறது நடுத்தண்டில், வெளியே தெரியாது. அறுத்துப் பார்த்தால்தான் அந்தக் கருஞ்சிவப்பு தெரியும். சித்த மருத்துவம் உடம்பின் ஏழு தாதுக்களை எண்ணும்போது ஊனையும் கொழுப்பையும் தனித்தனியாகவே வைக்கிறது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்ற வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததை ஊட்டி வளர்ப்பது. இந்த அறிவு வீட்டுப் பேச்சில் ஏன் மங்கிப்போனது என்று யோசிக்கிறேன். பசி மிகுந்த காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தேவை இருந்திருக்காது. உடம்பில் எது ஒட்டினாலும் ஆதாயம்தான். 1974இல் அம்மா என் அக்காவைச் சுமந்திருந்தாள். அரிசியும் மாவும் கிடைக்காத நாட்கள், தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம். மரவள்ளியும் பலாக்கொட்டையும் அவித்துத் தின்றதை அம்மா இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். அந்தக் காலத்தில் வற்றிப்போனவர்கள் திரும்பி எழவில்லை. ஆகவே என் புயத்தை அழுத்திய அந்த இரண்டு விரல்கள் தேடியது வேறு, வைத்தியரின் அட்டை தேடியது வேறு. இரண்டும் ஒரே உடம்பைத்தான் பார்த்தன.

நம்மவர்களின் உடம்பைப் பற்றி ஒரு படம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 2004இல் லான்ஸெட் இதழில் வந்தது. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைச் சுட்டெண் ஒன்றே: 22.3. தராசுக்கும் அளவுகோலுக்கும் இருவரும் ஒன்று. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர்களிடம் மெல்லிய தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கிறது, அது கருப்பையிலேயே தொடங்குகிறது என்பதை யாஜ்னிக் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே 2004இல் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காதீர்கள், 23இலேயே விழித்துக்கொள்ளுங்கள் என்றது. இதைப் படித்தபோது தோட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம், தோட்டப்பகுதியில் 32. மூன்றில் ஒரு பிள்ளை. தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறப்பதற்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு அவை தடிக்கலாம், மெலியலாம், பெருகுவது அரிது. நாலு மாதக் கர்ப்பத்தில் கூடை சுமந்தவளின் வயிற்றில், மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றவளின் வயிற்றில் நாங்கள் உருவானோம். முதலே குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் வளர்ந்து டவுனுக்கு வருகிறோம், கதிரையில் உட்காருகிறோம், மூன்று வேளை சோறு சாப்பிடுகிறோம். வயிற்றில் கொழுப்பு ஏறுகிறது. எடையைக் குறை என்கிறார்கள். குறைக்கிறோம். அந்தச் சொற்ப முதலிலும் கைவைத்துவிட்டுத்தான் எழுகிறோம் என்று யாரும் எச்சரிப்பதில்லை. என் வயதொத்தவர்கள் பலர் கொழும்பில் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டும் இருக்கும் அந்த உடம்புகளை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது, அதில் விழ எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்து உழைப்பே மருந்து, தோட்டத்து உடம்பே உடம்பு என்று சொல்லிவிடுவது சுலபம். அம்மாவுக்கு 72 வயது, எடை 41 கிலோ. அவளுடைய முன்கையில் இன்னும் கயிறு மாதிரி நரம்பும் தசையும் திரண்டு நிற்கிறது. ஆனால் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், கூடைக்கயிறு பதிந்த இடத்தில், முடி முளைக்காத ஒரு பட்டை இருக்கிறது. வலது முழங்கால் மடங்காது. கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்பவேண்டும். 38 வருடம் நாளொன்றுக்கு இருபது கிலோவைத் தலையில் தொங்கவிட்டு மலை ஏறி இறங்கியவளுக்கு அது உடற்பயிற்சி ஆகவில்லை. பயிற்சி என்றால் பாரத்துக்குப் பிறகு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குள் சாப்பாடு வேண்டும். நொந்த நார் தேறித் தடிப்பது அந்த இடைவெளியில்தான். அவளுக்கு இடைவெளி கொடுக்கப்படவில்லை. 1970களில் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இரத்தச்சோகையுள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. இரும்புச்சத்து ஏறியதும் அவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். நல்ல ஆய்வு, நல்ல முடிவு. ஆனாலும் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் அம்மாக்களின் உடம்பு தேறியதை அளக்கவும் கொழுந்துத் தராசுதான் கைகொடுத்தது. அவர்கள் படியேறும்போது தலை சுற்றுவது நின்றதா, பிள்ளையைத் தூக்கும்போது கை வலிக்காமல் இருந்ததா என்பதை ஒரு மகனாக நான் கேட்க விரும்பினேன்.

அம்மா கூடை தூக்கியது நான் கூடை தூக்காமல் இருப்பதற்காக. 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. அவள் பேர் போட்ட காலத்தில் அந்த எண்களைக் கனவிலும் கண்டிருக்கமாட்டாள். தனக்குக் கிடைத்த சொற்பக் காசில் எனக்குச் சப்பாத்து வாங்கினாள், டியூஷனுக்கு அனுப்பினாள், என் கை மென்மையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளில் என் உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்து, “இதுல காய்ப்பு வராது இனி” என்றாள். அதுதான் அவளுக்குச் சம்பளம். இப்போது ஐம்பதை நெருங்கும்போது, வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் தூக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். சரியான பேச்சு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பாரம் தூக்குவதற்காகக் காசு கட்டி, கண்ணாடி பதித்த அறையில், இரும்பைத் தூக்கி அதே இடத்தில் வைக்கும்போது எனக்கு நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. பதுளை டவுனில் மாடியில் இருக்கிற ஜிம் ஒன்றுக்கு மூன்று நாள் போனேன். கூட நின்றவர்கள் எல்லாம் இருபது வயதுப் பையன்கள், அன்பாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். யன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்து மலையில் பெண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். கையில் இருந்த இரும்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது பெருமையா, குற்ற உணர்வா, அல்லது சோம்பலுக்கு நான் உடுத்திய நல்ல சட்டையா என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை.

சாப்பாட்டைக் கணக்குப் பார்த்தேன். மெலியும்போது தசையைக் காக்க, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள், சிலர் 1.6 என்பார்கள். எனக்கு 80 கிராம். ஒரு முட்டையில் 6. நூறு கிராம் பருப்பில், வேகவைக்கும் முன், 24 அளவில். கோதுமை மா நூறு கிராமில் பத்துச் சொச்சம். அதிலும் கோதுமைப் புரதத்தில் லைசின் என்கிற ஒரு துண்டு குறைவு, அதைப் பருப்பு இட்டு நிரப்பும். ரொட்டியும் பருப்பும் சேர்வது நல்ல சேர்க்கை. ரொட்டியும் சம்பலும் சேர்வது பசியை மட்டும் அடக்கும். நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடி, தயிர், அவித்த கடலை, ஞாயிற்றுக்கிழமை கோழி என்று நான் 80ஐ எட்டிவிடுவேன். எனக்குச் சம்பளம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் உணவு விலை ஒரு வருடத்துக்குள் 95 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தபோது இஸ்தோப்பில் இருந்து ரொட்டி தின்ற குடும்பங்களுக்கு இந்த 80 கிராம் என்ற பேச்சு எந்த ஊர்ப் பேச்சு? தூக்கமும் இப்படித்தான். 2010இல் சிகாகோவில் எடை மிகுந்த பத்துப் பேரை, ஒரே அளவு குறைந்த சாப்பாட்டில், ஒரு முறை எட்டரை மணி நேரமும் இன்னொரு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். இறங்கிய எடை இரண்டிலும் ஒன்றே. ஆனால் தூக்கம் குறைந்த பதினாலு நாளில் கொழுப்பு இறங்கியது பாதிக்கும் குறைவு. மிச்சம் கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது. காலை நாலு மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைக்கும் புருஷனுக்கும் கட்டிக்கொடுத்து, பெரட்டுக்குப் போய், இரவு பத்துக்குப் படுக்கிற பெண்களை அந்தப் பத்துப் பேருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கு இடுப்பில் கொழுப்பு ஏறும், தொடையில் தசை இறங்கும். ஐம்பது வயதில் ஈபிஎஃப் என்கிற சேமலாப நிதிக் காசை எடுத்துப் பெண்ணுக்கு நகை செய்துவிட்டு வீட்டில் உட்காரும்போது, இத்தனை நாள் ஓயாத பாரத்தால் நொந்த உடம்பு ஒரேயடியாகப் பாரமில்லாமலும் நொந்துபோகிறது. கிளினிக் அட்டையில் எல்லாருக்கும் ஒரே வரி: எடை குறைக்கவும்.

கனடாவில் இருக்கிற ஒரு சிநேகிதன் போனில் பேசினான். வாராவாரம் எடை குறைக்கிற ஊசி போட்டுக்கொள்கிறானாம், பசியே வருவதில்லையாம், பதினெட்டுக் கிலோ போய்விட்டதாம். அந்த மருந்துகளிலும் இறங்குகிற எடையில் கணிசமான பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது என்று அறிந்து அவனிடம் சொன்னேன். பாரம் தூக்கு, முட்டை சாப்பிடு என்றேன். “மச்சான், நீ எப்ப இருந்து டொக்டர்” என்றான், ஆனால் கேட்டுக்கொண்டான். அவனிடம் சொன்னதை எனக்கும் சொல்லிக்கொள்ள ஒரு நம்பிக்கை வேண்டியிருந்தது. அதைத் தந்தது 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் செய்த சிறு சோதனை. முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேர். எட்டு வாரம் காலால் பாரம் தூக்கவைத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடையின் தசைப் பரப்பும் 9 சதவீதம் கூடியது. 96 வயதில் நார் தடிக்கும் என்றால் 49இல் ஏன் மனம் தளர வேண்டும்? போனது திரும்பும். மெதுவாகத் திரும்பும். ஒரு வாரத்தில் அரைக் கிலோவுக்குமேல் இறங்கவிடாமல், இரவுச் சாப்பாட்டைத் திரும்ப ஏற்றுக்கொண்டு, தராசைத் துணியால் மூடிவைத்துவிட்டுத் தையல் நாடாவை எடுத்துக்கொண்டேன். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள் என்பது அளவு. இடுப்புக்கு ஒரு சுற்று, தொடைக்கு ஒரு சுற்று. ஒன்று இறங்கவேண்டும், மற்றது இறங்கக்கூடாது. இரண்டு எண்களை வைத்துக்கொண்ட பிறகு கழிவில் எது போகிறது என்று கொஞ்சமாவது தெரிகிறது.

ஜிம்முக்குத் திரும்பப் போகவில்லை. சனிக்கிழமைகளில் லயத்துக்குப் போகிறேன். போன சனி, இஸ்தோப்பில், அதே 25 கிலோ மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தி எழுந்தேன். அம்மா உரலின் மேல் உட்கார்ந்து வல்லாரைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவை நான் எழும்போது கீரையைக் கீழே வைத்தாள். “முதுக வளைக்காத. கூடைய மேட்டுல சாச்சு வச்சு, கயித்த தலையில போட்டு, காலால எந்திரிப்போம். இடுப்பு நேரா நிக்கணும். குனிஞ்சு எந்திரிச்சவ எல்லாம் சீக்கிரம் ஒடஞ்சு போனா.” எழுந்து வந்து என் இடுப்புக்குப் பின்னால் தன் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். சொரசொரவென்ற கை, சட்டைக்கு மேலேயே உறைத்தது. அவள் சொன்னபடி குதிகாலில் பாரத்தை வைத்து எழுந்தேன். தொடையின் முன்பக்கம் சூடு பிடித்தது, அது வேண்டிய சூடு. நாலு, ஐந்து, ஆறு. பக்கத்து இஸ்தோப்பில் பள்ளிப் பிள்ளை ஒன்று ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றது. “எத்தன தடவ?” என்றாள் அம்மா. பத்துப் பத்தாக மூன்று முறை என்றேன். அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அது எங்கேயும் போகாமல் அதே இடத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாக, “இதுக்கு யாரு சாமி பேரு போடுறது?” என்று கேட்டாள். நான் ஏழாவது தடவைக்குக் காலை மடித்தேன்.